கோமாளி காத்திருக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்தநாள் விழாவுக்குக் கோமாளியை அழைப்பவர்கள் தொலைபேசியில் முதலில் கேட்கும் கேள்வி, "என்னென்ன செய்து காட்டுவீர்கள்?" என்பதுதான். விடையாகச் சொல்லப் பத்துப் பதினைந்து வேடிக்கைகள் எந்தக் கோமாளியிடமும் இருக்கும். ஆனால், பல ஆண்டுகளாகச் சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு குழந்தைகள் முன் நின்ற அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். குழந்தைகளின் சிரிப்பில் பாதிதான் வேடிக்கையால் வருவது. மறுபாதி, அந்த வேடிக்கையை எப்போது தொடங்குகிறோம், எவ்வளவு நேரம் நீட்டுகிறோம், எந்த இடத்தில் ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கிறோம் என்பதால் வருவது. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஐரோப்பிய சர்க்கஸ் மரபில் கோமாளிகள் பெரும்பாலும் இருவராகச் சேர்ந்தே வருவார்கள். ஒருவர் வெள்ளைமுகக் கோமாளி. முகம் முழுவதும் வெள்ளை பூசி, மினுமினுக்கும் உடை உடுத்தி, எல்லாம் அறிந்தவராக மற்றவரை அதிகாரம் செய்வார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜோசப் கிரிமால்டி (1778–1837) வெள்ளை முகத்தில் சிவப்புத் தீட்டிக்கொண்டு வந்தவர். அவருடைய செல்லப் பெயரான ஜோயி என்பதே பின்னாளில் கோமாளிகளுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இன்னொருவர் வந்து சேர்ந்தார். அவரை அகஸ்ட் என்பார்கள். தொளதொளத்த சட்டை, அளவுக்கு மீறிய செருப்பு, சிவந்த மூக்கு என்று வந்து, சொன்னதையெல்லாம் தப்பும் தவறுமாகச் செய்பவர் அவர். ஒருவர் திருத்த, மற்றவர் தவற, அந்த இழுபறியிலிருந்து சிரிப்பு பிறக்கும்.

பிறந்தநாள் வீட்டுக்கு வரும் கோமாளியோ தனி ஆள். அவர் அகஸ்ட் என்றால், அவரைத் திருத்தும் வெள்ளைமுகத்தார் எங்கே இருக்கிறார்? எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகள்தாம் அவர். இதைக் கண்டுகொள்ள எனக்கு நீண்ட காலம் பிடித்தது. நாள் முழுவதும் "அதைத் தொடாதே, இப்படிப் பிடி, நேராக உட்கார்" என்று பெரியவர்களின் திருத்தங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு குழந்தைக்கு, வளர்ந்த ஆள் ஒருவரைத் திருத்தும் உரிமை அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கிறது. கோமாளியின் தவறு குழந்தையின் கண்ணில் முதலில் பட வேண்டும். கோமாளிக்கு அது பிறகுதான் தெரிய வேண்டும். இடைப்பட்ட அந்த நேரத்தைக் கொடுக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழில்.

என் தொடக்கக் காலத்தில் இதை அறியாமல் நான் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. 40 நிமிடத்துக்கென்று எடுத்துச் சென்றவை அனைத்தும் 15 நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. குழந்தைகள் சிரிக்கவில்லையே என்ற பதற்றத்தில் அடுத்தது, அடுத்தது என்று பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் சிரிக்காமல் இருந்ததற்குக் காரணம், சிரிப்பதற்கு நான் இடமே விடாததுதான். அன்று மீதமிருந்த நேரம் முழுவதும் வெறுங்கையோடு, நாற்காலிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்து நின்றேன்.

இனி, திட்டமிடுதலுக்கு வருகிறேன். அழைப்பு வந்தவுடன் சிலவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வருகின்ற குழந்தைகளில் மிகச் சிறியவருக்கும் மிகப் பெரியவருக்கும் என்ன வயது, மொத்தம் எத்தனை பேர், அறைக்குள்ளா திறந்த வெளியிலா, முகமூடியையோ உரத்த ஓசையையோ கண்டு அஞ்சும் குழந்தை உண்டா, ரப்பர் பலூன் எவருக்காவது ஒவ்வாதா என்பவை அவை. மூன்று வயதுக் குழந்தைகளுக்கு 20 நிமிடம் போதும். நான்கிலிருந்து ஆறு வயது வரை அரை மணி, மிஞ்சினால் 35 நிமிடம். ஏழெட்டு வயதினர் 45 நிமிடம் உட்காருவார்கள். ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்கும் பெற்றோரிடம், நீட்டினால் கடைசிக் கால்மணி நேரம் முன்பு நடந்தவற்றையும் கெடுத்துவிடும் என்று பொறுமையாக விளக்கிச் சொல்கிறேன்.

அழைப்பிதழில் அச்சிட்ட நேரத்துக்கே ஆட்டத்தைத் தொடங்கிவிடக் கூடாது. குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பரிசைக் கொடுத்து, ஓடியாடி, வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அதன் பிறகே அவர்களுடைய கண் ஓரிடத்தில் நிற்கும். இடத்தையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கோமாளியின் முதுகு சுவரை நோக்கியும், குழந்தைகளின் முதுகு வாசலை நோக்கியும் இருந்தால், வருவோர் போவோர் அவர்களுடைய கவனத்தைக் கலைக்கமாட்டார்கள். வெளியில் என்றால், வெயில் குழந்தைகளின் முகத்தில் அடிக்காத பக்கமாக அவர்களை உட்கார வைக்க வேண்டும். தரையில் ஒரு வண்ணக் கயிற்றைப் போட்டு, "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்கள் இடம், இந்தப் பக்கம் என் இடம்" என்று சொல்லிவிட்டால், பாதி ஒழுங்கு அந்தக் கயிற்றாலேயே வந்துவிடும். உரையாட விரும்பும் பெரியவர்களுக்கு அடுத்த அறையில் நாற்காலி போட்டுவைப்பது நல்லது. பின்னால் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தால், இது கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று இல்லை என்று குழந்தைகள் முடிவுசெய்துவிடுகிறார்கள்.

நுழைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் கோமாளி திடீரென்று கதவைத் திறந்துகொண்டு உரக்கக் கத்திக்கொண்டு பாய்ந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு, மனித முகம்போல இருந்தும் மனித முகமாக இல்லாத ஒன்று அப்படிப் பாய்ந்து வருவது பெரிய அச்சம். ஆகவே, சிறு குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு நான் முழு ஒப்பனையோடு போவதில்லை. வெறும் முகத்தோடு போய், சற்றுத் தொலைவில் பெட்டியைத் திறந்து, கண்ணாடி பார்த்துக் கன்னத்தில் இரண்டு பொட்டு வைத்துக்கொண்டு, கடைசியாக மூக்கை மாட்டிக்கொள்கிறேன். பாரிசில் 1956ஆம் ஆண்டு நாடகப் பள்ளியைத் தொடங்கிய ஜாக் லெக்காக், அந்தச் சிவப்பு மூக்கை உலகிலேயே மிகச் சிறிய முகமூடியாகக் கருதி மாணவர்களுக்குக் கோமாளிக் கலையைப் பயிற்றுவித்தார். முகமூடியை மாட்டுகிற செயலைக் கண்ணால் பார்த்துவிட்ட குழந்தைக்கு, உள்ளே இருப்பவர் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. அச்சம் வேடிக்கையாக மாறிவிடுகிறது.

காத்திருத்தலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு விழாதான் நினைவுக்கு வரும். ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குப் பிறந்தநாள். மற்றக் குழந்தைகளின் கைத்தட்டல் கேட்டதும் அவள் ஓடிப்போய்ச் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தாயார் அவளுடைய கையைப் பிடித்து அழைத்துவர எழுந்தார். வேண்டாம் என்று சைகை காட்டினேன். திரை தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருந்ததால் இரண்டு சிறிய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கால்விரல்கள் தரையைப் பற்றிக்கொள்வதுபோல மடங்கி இறுகியிருந்தன.

என்னிடம் ஒரு தொப்பி வேடிக்கை உண்டு. அக்குளில் இடுக்கிய கைத்தடியின் வளைந்த பிடி முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணக்கம் சொல்லி நிமிர்வதற்குள் தொப்பி அந்த வளைவில் மாட்டிக்கொள்ளும். நான் தேடுவேன். குழந்தைகள் "பின்னாடி, பின்னாடி" என்று கத்துவார்கள். நான் திரும்பினால் தடியும் திரும்பும், தொப்பியும் கூடவே வரும். இரண்டு முறை தேடிக் கிடைக்காமல் மூன்றாம் முறை கிடைக்க வேண்டும் என்பது கோமாளிகள் எல்லாரும் அறிந்த கணக்கு. முதல் முறை வியப்பு, இரண்டாம் முறை எதிர்பார்ப்பு, மூன்றாம் முறை மாற்றம்.

அன்று மூன்றாம் முறை திரும்பியபோது திரைக்கடியில் இருந்த கால்விரல்களைப் பார்த்தேன். மடக்கம் விட்டிருந்தது, ஒரு பாதம் அறைப்பக்கம் திரும்பியிருந்தது. தொப்பியை எடுக்காமல், முதுகுப் பக்கம் திரைக்குத் தெரியும்படி தரையில் உட்கார்ந்துகொண்டேன். "இனிமேல் எனக்குத் தொப்பியே கிடையாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். கத்திக்கொண்டிருந்த குழந்தைகளும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அந்த அமைதியில், எனக்குப் பின்னால், "குச்சியில இருக்கு" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "குச்சியிலா? எந்தக் குச்சி?" என்று சட்டைப் பையைத் துழாவினேன். "உங்க குச்சியிலதான்!" என்று குரல் ஓங்கியது, அதில் பெரியவர்கள் பேசுகிற கண்டிப்பு இருந்தது. பிறகு காலடி ஓசை. அவளே தொப்பியை எடுத்து, என் கண்களை மூடுமளவுக்கு இரண்டு கையாலும் தலையில் அழுத்தி வைத்தாள்.

4 நிமிடத்துக்கென்று வைத்திருந்த அந்த வேடிக்கை 11 நிமிடம் நடந்தது. பெட்டியில் இருந்த மூன்று பொருள்களை நான் வெளியே எடுக்கவே இல்லை. அவை இருந்ததும் எடுக்கப்படாததும் எவருக்கும் தெரியாது. ஆகவேதான், திட்டம் எழுதும்போது எவற்றைக் கட்டாயம் செய்ய வேண்டும், எவற்றை விட்டுவிடலாம், எவற்றை நீட்டலாம் என்று மூன்று விதமாகப் பிரித்து எழுதச் சொல்கிறேன். அந்தச் சீட்டைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்து, பக்கத்திலேயே ஒரு சிறிய கடிகாரத்தையும் வைத்துவிட்டால், பொருள் எடுக்கக் குனியும்போதெல்லாம் நேரம் தெரியும். மணிக்கட்டைப் பார்க்கும் கோமாளியைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், "போகப் போறீங்களா?" என்றும் கேட்டுவிடுவார்கள்.

மறுபடியும் சொல்கிறேன், நேரம் கொடுக்க வேண்டும். ஆனால், எப்போதும் ஒரே வேகத்தில் நேரம் கொடுத்தாலும் ஆட்டம் தொய்ந்துவிடும். கடல் அலையைப்போல ஏற்றமும் இறக்கமும் இருக்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து கத்தும் ஒரு வேடிக்கைக்குப் பிறகு, மூச்சடக்கிப் பார்க்கும் ஒன்றை வைக்க வேண்டும். நான் ஒரு மயிலிறகை விரல் நுனியில் நிறுத்திக் காட்டுவேன். "மூச்சு விட்டால் விழுந்துவிடும்" என்று காதில் சொல்வதுபோலச் சொன்னால், அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இரைச்சலை அடக்கக் குரலை உயர்த்தும் கோமாளி தோற்றுப்போவார். குரலைத் தாழ்த்தினால், என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே அவர்கள் அடங்குவார்கள். பெருங்கூச்சலை எழுப்பும் வேடிக்கையை முதல் பத்து நிமிடத்தில் செலவழித்துவிடக் கூடாது. ஆட்டத்தின் முக்கால் பகுதியில் அது வர வேண்டும். சோப்புக் குமிழியை இடையில் விடவே கூடாது. குமிழி பறந்தால் எல்லாக் குழந்தைகளும் எழுந்துவிடுவார்கள். எழுந்தவர்களை மறுபடி உட்கார வைப்பது கடினம்.

உதவிக்கு அழைப்பதிலும் ஒரு முறை உண்டு. "நான், நான்" என்று துள்ளும் குழந்தையை அழைத்தால் அடுத்த முறை எல்லாரும் துள்ளுவார்கள். கையை உயர்த்தி அமைதியாக இருப்பவரை அழைத்தால் அந்த அமைதி பரவும். பிறந்தநாள் குழந்தையை முதலிலேயே முன்னால் நிறுத்துவது தவறு. மூன்றில் இரண்டு பங்கு நேரம் போன பிறகு, கோமாளி யார், எப்படிப்பட்டவர் என்று தெரிந்தபின் அழைத்தால் தானாக வரும். அப்படி வந்த குழந்தையைக் கேலிப் பொருளாக்கிச் சிரிப்பு வாங்குவதை நான் மன்னிக்கவே மாட்டேன். ஏமாறுவதும் தடுக்கி விழுவதும் கோமாளியின் வேலை. மந்திரக்கோல் கோமாளியின் கையில் மடங்கித் தொங்க வேண்டும். குழந்தையின் கையில் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டதாக எதிரே சைகை காட்டுகிறார்கள். பலூன் பற்றிச் சொல்ல வந்ததைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு பலூனை முறுக்கி உருவமாக்க 2 நிமிடம் என்றால், 20 குழந்தைகளுக்கு 40 நிமிடம் ஆகும். ஆகவே அதை ஆட்டத்தோடு சேர்க்காமல், முடிந்தபின், இரண்டு மூன்று முறுக்கில் ஆகிவிடும் வாள்போன்ற எளிய உருவங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாயால் ஊதாமல் கைப்பம்பால் ஊத வேண்டும். ஊதாத பலூனும் வெடித்த துண்டுகளும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையைப் பலூன் உறைகளில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. வெடித்தவுடன் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகே அடுத்த பலூன்.

முடிவைப் பற்றித் தனியாகவே பேச எண்ணியிருந்தேன். கூச்சல் உச்சத்தில் இருக்கும்போது விடைபெற்றால், அந்தக் கூச்சலை அப்படியே பெற்றோரின் கையில் விட்டுப்போகிறோம். ஆகவே கடைசியில் மென்மையான ஒன்றைச் செய்து, பிறந்தநாள் குழந்தையைக் கொண்டு பெட்டியை மூடச்செய்ய வேண்டும். அப்புறம் வாசலில் 2 நிமிடம் சும்மா நில்லுங்கள். ஆட்டம் முழுவதும் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்த குழந்தை அப்போதுதான் பக்கத்தில் வந்து, மூக்கைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கும். குனிந்து, தொட விடுங்கள்.

நன்றி, வணக்கம்.