பதவி போன பின் எழும் மாளிகைகள்

அவையோர்க்கு வணக்கம். இங்கே பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். போகிறீர்கள், நயாகராவையும் சுதந்திர தேவி சிலையையும் பார்க்கிறீர்கள், மிச்ச நாளெல்லாம் பேரப்பிள்ளைகளோடு வீட்டில். உங்கள் பட்டியலில் அநேகமாக இல்லாத ஓர் இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: முன்னாள் அதிபர்கள் பெயரில் எழுந்திருக்கும் நூலகங்கள்.

அங்கே புத்தகம் இரவல் கிடைக்காது. பாதி அருங்காட்சியகம், பாதி ஆவணக் காப்பகம். தொடங்கி வைத்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அதுவரை பதவி முடிந்த அதிபர் தம் காகிதங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார். எரிந்தது, விற்றது, தொலைந்தது நிறைய. ரூஸ்வெல்ட் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க் ஊரில் தம் குடும்ப நிலத்திலேயே, பழைய டச்சுக் கல்வீட்டுப் பாணியில் ஒரு கட்டடம் வேண்டுமென்று தாமே படம் வரைந்து கொடுத்தார். 1941இல் அது திறந்தபோதும் அவர் பதவியில்தான் இருந்தார். 1955இல் வந்த சட்டம் இதை ஒரு முறையாக்கியது. நன்கொடைப் பணத்தில் கட்டிக் கொடுத்தால், அரசின் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்று நடத்தும்.

இந்த ஏற்பாட்டில்தான் சுவாரசியமே இருக்கிறது. கட்டுவது அதிபரும் அவருடைய அபிமானிகளும். ஆகவே கட்டடம் அவருக்காக வாதாடும் வக்கீல். உள்ளே இருக்கும் காகிதமோ, கூண்டில் ஏறினால் எந்தப் பக்கம் பேசும் என்று சொல்ல முடியாத சாட்சி.

பாஸ்டனில் கென்னடி நூலகத்தைப் பாருங்கள். ஐ.எம். பெய் வடிவமைத்தது, 1979இல் திறந்தது. ஹார்வர்டுக்குப் பக்கத்தில் கட்டத்தான் முதலில் திட்டம். சுற்றுலாக் கூட்டம் வந்து தெருவை அடைத்துவிடும் என்று அப்பகுதிக்காரர்கள் எதிர்த்ததால் கடலோரத்துக்குப் போயிற்று. போனதே நல்லதாயிற்று என்பேன். காட்சிக் கூடங்களில் தேர்தல், கியூபா, கொலை என்று நடந்து முடித்து வெளியே வந்தால், நூறடிக்கு மேல் உயர்ந்த கண்ணாடிக் கூடம். மேலே பெரிய கொடி ஒன்று தொங்குகிறது, எதிரே கடல். மூன்று ஆண்டுகூட முழுதாக ஆளாத மனிதருக்கு வெற்றிடத்தையே நினைவுச்சின்னமாக்கியது சாமர்த்தியமான வாதம்.

ஆஸ்டினில் லிண்டன் ஜான்சன் நூலகம் இதற்கு நேர் எதிர். 1971இல் திறந்தது, கோர்டன் பன்ஷாஃப்ட் எழுப்பிய பத்து மாடிக் கல் பெட்டகம். ஆள் எப்படியோ அப்படியே கட்டடம்: பெரிது, முரடு, அடக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் நான்கு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. அதன் பின்னால் வரிசை வரிசையாகச் சிவப்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தங்க நிற முத்திரை. ஏறத்தாழ நாலரைக் கோடிப் பக்கம் இருக்கிறது அங்கே. “எல்லாம் இருக்கிறது, வந்து பார்” என்று சவால் விடுகிற மாதிரி.

சவால் விட்டவரே ஒன்றை மட்டும் பூட்டி வைத்தார். தம் தொலைபேசிப் பேச்சுகளை ஜான்சன் பதிவு செய்திருந்தார். தாம் இறந்து 50 ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். 1973இல் இறந்தார். நூலக இயக்குநரோ ஜான்சனின் மனைவியின் சம்மதத்தோடு 1993லேயே வெளியிடத் தொடங்கிவிட்டார். இன்று அருங்காட்சியகத்தில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் அந்த டெக்சஸ் குரல் ஆளைக் கொஞ்சும், மிரட்டும், வழிக்குக் கொண்டுவரும். அதே ஒலிநாடாக்களில் 1964ஆம் ஆண்டு மே மாதப் பேச்சு ஒன்றும் உண்டு. வியட்நாமில் சண்டை போடுவது தகாது என்றும் தோன்றுகிறது, வெளியேறவும் வழி தெரியவில்லை என்று அதிபரே புலம்புகிறார். அதற்குப் பிறகுதான் லட்சக்கணக்கில் படை அனுப்பினார். அந்தக் கல் பெட்டகம் எவ்வளவு வாதாடி என்ன?

கலிபோர்னியாவில் நிக்சன் நூலகம். அவர் பிறந்த சின்ன மரவீடும் அதே வளாகத்தில் நிற்கிறது. தனியார் நடத்தியவரை, அவரைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய கூடம் நிக்சன் தரப்புக் கதையைத்தான் சொன்னது. 2007இல் தேசிய ஆவணக் காப்பகம் பொறுப்பேற்றது. 2011இல் ஆவணங்களையும் ஒலிநாடாக்களையும் வைத்துப் புதிய கூடம் திறந்தது. வக்கீலையே மாற்றிவிட்டார்கள்!

ரீகன் நூலகத்தில் ஏழு அதிபர்கள் பறந்த போயிங் 707க்குள் ஏறிப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே போதும். கிளின்டன் நூலகம் ஆர்கன்சா ஆற்றை நோக்கி, பாதியில் நின்ற பாலம் போல நீண்டிருக்கிறது. டிரெய்லர் வீடு என்று கேலி செய்தவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்கும்.

அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ஆய்வறைக்கு வேண்டாம், குடிமகனாகவும் இருக்க வேண்டாம், முன்கூட்டி எழுதிக் கேட்டால் பெட்டியை எடுத்து வைப்பார்கள். பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும். டெக்சஸில் பிள்ளை இருந்தால் இன்னும் வசதி: டாலஸ், காலேஜ் ஸ்டேஷன், ஆஸ்டின் என்று ஒரே மாநிலத்தில் மூன்று நூலகங்கள், இரண்டு புஷ்களும் ஜான்சனும். ஒரு வார இறுதியில் காரிலேயே சுற்றி வந்துவிடலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஆஸ்டினுக்குப் போங்கள்.