சி.ஈ. முத்திரை இருந்தால் இங்கே விற்கலாமா? சாட்ஸ்வொர்த் தம்பியின் கேள்வி

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆனால் பெரிய கேள்வி. டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன். "அண்ணா, பஜனைக் குழுக்களுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் விற்கலாம் என்று சீனாவிலிருந்து 300 புளூடூத் ஸ்பீக்கர் பெட்டி இறக்கப் பார்க்கிறேன். அடாப்டரும் கூடவே வரும். சி.ஈ. சான்றிதழ் என்று ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் விற்க இது போதுமா? இ.எம்.சி. டெஸ்ட் என்கிறார்களே, அதில் என்னதான் பார்ப்பார்கள்?"

போதாது தம்பி. பணம் அனுப்புவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

சி.ஈ. என்பது ஐரோப்பிய ஒன்றியத்துக்கான முத்திரை. உங்கள் ஸ்பீக்கர் மாதிரிச் சாமான்களுக்குப் பெரும்பாலும் தயாரிப்பாளரே "எங்கள் பொருள் விதிக்கு உட்பட்டது" என்று கையெழுத்துப் போட்டு ஒட்டிக்கொள்வதுதான். இங்கே கதை வேறு. புளூடூத் இருப்பதால் அது ரேடியோக் கருவி, அதற்கு தொலைத்தொடர்பைக் கட்டுப்படுத்துகிற ஐகாசாவிடம் டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடலுக்கான அனுமதி, வாங்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம், 35ஆம் பிரிவு, அந்த அப்ரூவல் இல்லாமல் விற்கவோ, விற்பனைக்கு வைக்கவோ, வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது என்று நேராகவே சொல்கிறது. அடாப்டர் சுவரில் 230 வோல்ட்டில் செருகப்படுவது, அதன் பாதுகாப்பை என்.ஆர்.சி.எஸ். என்கிற கட்டாயத் தரநிலைகளுக்கான அரசு அமைப்பு பார்க்கும், அவர்களிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். ஆக இரண்டு கதவு. ஒன்றைத் தட்டிவிட்டு மற்றதை மறந்தவர்கள் டர்பன் துறைமுகத்தில் சரக்கு நின்றுபோய், நாள் வாடகை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த சீனாக்காரரிடம் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிற ஒன்று இருக்கலாம், அதுதான் டெஸ்ட் ரிப்போர்ட். ஒரு பக்கச் சான்றிதழைச் சொல்லவில்லை, நாற்பது ஐம்பது பக்கம் வருகிற முழு ரிப்போர்ட். ஐகாசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ரேடியோ, இ.எம்.சி. (மற்ற கருவிகளுக்கு மின்காந்தத் தொல்லை கொடுக்காமலும், வெளியிலிருந்து வருவதைத் தாங்கியும் இருப்பது), பாதுகாப்பு என்று மூன்றுக்கும் ரிப்போர்ட் கேட்பார்கள். அளவு முறையும் வரம்பும் ஐரோப்பாவுக்கும் நமக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சிஸ்பர் என்று ஒரு அனைத்துலகக் குழு, ரேடியோ கேட்பவர்களுக்கு இரைச்சல் தொல்லை வரக்கூடாது என்றே 1934இல் தொடங்கியது, அதன் தரநிலைகளைத்தான் நம் நாடு தன் எண்ணைப் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட் கொடுத்த லேபுக்கு ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம், அதாவது டெஸ்ட் லேபுகளுக்கான தகுதிச் சான்று, உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இ.எம்.சி. டெஸ்டில் என்ன பார்ப்பார்கள். முதலில் சாமான் வெளியே கக்குகிற இரைச்சல், காதுக்குக் கேட்பது இல்லை, மின் இரைச்சல். உங்கள் ஸ்பீக்கர் சிஸ்பர் 32 என்கிற தரநிலையில் வரும், வீட்டில் பயன்படுவதால் கடுமையான வகுப்பு பி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் அடாப்டருக்கும் நடுவில் லிஸன் என்று ஒரு பெட்டியை வைத்து, அடாப்டர் மின்கம்பிக்குள் திருப்பி அனுப்புகிற இரைச்சலை 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளப்பார்கள். 500 கிலோஹெர்ட்ஸுக்கும் 5 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவில் வரம்பு 56 டிபி மைக்ரோவோல்ட். அதாவது ஒரு மில்லிவோல்ட் கூட இல்லை. 230 வோல்ட்டை வெட்டி வெட்டி வேலை செய்கிற ஒரு பெட்டி ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்!

இதில் நான் ரசிக்கிற ஒரு விஷயம். நிறைய அடாப்டர்கள் நொடிக்கு 65,000 தடவை சுவிட்ச் ஆகும்படி செய்யப்பட்டவை. ஏன் அந்த எண் என்றால், இரைச்சல் அந்த 65 கிலோஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும்தான் வரும். 65இன் இரண்டாவது மடங்கு 130 கிலோஹெர்ட்ஸ், அளவு தொடங்குவதோ 150இல். பலமாக இருக்கிற முதல் இரண்டும் கோட்டுக்கு வெளியே நின்றுவிடும், மூன்றாவதான 195தான் மாட்டும், அதை அடக்குவது அவ்வளவு கஷ்டம் இல்லை.

அப்புறம் காற்றில் பரவுகிற இரைச்சல். கூம்பு கூம்பாக நுரை ஒட்டிய அறையில், தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயர மேசையில் சாமானை வைத்துச் சுற்றுவார்கள், 3 மீட்டர் தள்ளி ஆன்டெனா மேலும் கீழும் ஏறி இறங்கும். 30 மெகாஹெர்ட்ஸிலிருந்து 230 வரை வரம்பு 40 டிபி, அதாவது மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட். இதில் பெரும்பாலும் குற்றவாளி பெட்டி இல்லை, அதிலிருந்து தொங்குகிற ஒயர். ஒரு மீட்டர் ஒயர் 75 மெகாஹெர்ட்ஸில் நல்ல ஆன்டெனா, அவ்வளவுதான். அதனால் டெஸ்டுக்குக் கொடுத்த ஒயரை விட்டுவிட்டு மலிவாக வேறொன்றை வைத்தாலே ரிப்போர்ட் செல்லாததாகிவிடும்.

இதெல்லாம் நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒரு அக்கா வீட்டில் கேட் ரிமோட் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். பேட்டரி மாற்றியாச்சு, ரிமோட் மாற்றியாச்சு, கேட் மோட்டார்க்காரர் இரண்டு தடவை வந்து காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். காரை விட்டு இறங்கி மோட்டார் பக்கத்தில் போய் அமுக்கினால்தான் திறக்கும், ராத்திரி நேரத்தில் நம் ஊரில் ஒரு பெண் கேட்டுக்கு வெளியே காரை விட்டு இறங்கி நிற்பது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நான் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். கராஜில் இருந்த கேமரா ரெக்கார்டரைப் பிடுங்கியதும் தெருமுனையிலிருந்தே கேட் திறந்தது. உள்ளே 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதன் பதினாறாவது மடங்கு 432, ரிமோட் பேசுவது 433.92. மலிவான ரிசீவர்களுக்குக் காது அகலம், பக்கத்தில் யார் கத்தினாலும் அது காதில் விழும். அந்த ரெக்கார்டரிலும் சி.ஈ. முத்திரை பளிச்சென்று ஒட்டியிருந்தது.

இன்னும் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் கரூ வறண்ட நிலத்தில் கார்னார்வோன் பக்கம் மீர்கேட் என்கிற ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, 64 டிஷ், வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்கிறது. தங்கள் கம்ப்யூட்டர்களின் இரைச்சலே டிஷ்ஷுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவற்றைப் பாதி மண்ணுக்குள் புதைத்த கட்டடத்தில், ஒரு குன்றுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைக் காக்கவே 2007இல் தனிச் சட்டம் போட்டார்கள்.

இப்போது உங்கள் 300 பெட்டிக்கு வருகிறேன், இதைக் கவனமாகக் கேளுங்கள். லேபுக்குப் போகிற சாம்பிள் ஒன்று, கன்டெய்னரில் வருவது வேறொன்று. இதுதான் இந்தத் தொழிலில் என்னை மிகவும் கோபப்படுத்துகிற விஷயம். ஒருவர் என்னிடம் அடாப்டர் கொண்டுவந்தார், ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது, அளந்தால் வரம்பைத் தாண்டிக் குதிக்கிறது. திறந்தேன். போர்டில் எல்.எஃப். 1 என்று அச்சடித்த இடத்தில் ஃபெரைட் வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள் சுற்றிய சோக், இரைச்சலை அடக்குகிற பாகம், இருக்க வேண்டும். அங்கே இரண்டு கம்பித் துண்டை வளைத்து சாலிடர் பண்ணியிருந்தார்கள். பக்கத்தில் சி.எக்ஸ். 1 என்று எழுதிய இடம், மஞ்சள் பெட்டி மாதிரி ஒரு கபாசிட்டர் வர வேண்டியது, இரண்டு துளை மட்டும் காலியாக. ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் உள்ள போட்டோவில் இரண்டும் அழகாக உட்கார்ந்திருக்கின்றன! ஒரு அடாப்டருக்குச் சில சென்ட் மிச்சம் பிடிக்க, வாங்கினவரின் மொத்தப் பணத்தையும் மாட்டிவிட்டார்கள்.

அதனால் அவர்களிடம் முழு ரிப்போர்ட்டைக் கேளுங்கள், உள்ளே எடுத்த படங்களோடு. அதில் உள்ள மாடல் எண்ணும் அடாப்டர் எண்ணும் உங்கள் ஆர்டரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஐந்து பெட்டி மட்டும் வரவழையுங்கள், உற்பத்தியில் ஓடுகிற சரக்கிலிருந்து. ஒரு அடாப்டரைத் திறந்து படத்தோடு வைத்துப் பாருங்கள். திறக்கும் முன் பிடுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள், பெரிய கபாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும், பழக்கம் இல்லையென்றால் டி.வி. ரிப்பேர் தெரிந்த ஒருவரை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. பழைய பேட்டரி ரேடியோ, தாத்தா காலத்துது இருந்தால் இன்னும் நல்லது. ஏ.எம். பட்டையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, அடாப்டர் ஒயரை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோங்கள். ஒட்டினால் கர்ரென்று கேட்பது சகஜம். ஒரு மீட்டர் தள்ளியும் கத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சரக்கை லேபுக்கு எடுத்துப்போய்க் காசைக் கரியாக்காதீர்கள். இது லேப் அளவுக்கு ஈடாகாது, ஆனால் படுமோசமானதை ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

டெஸ்டின் இன்னொரு பாதி, வெளியிலிருந்து வருவதை உங்கள் பெட்டி தாங்குமா என்பது. தொட்டுப் பாய்ச்சினால் 4,000 வோல்ட், காற்று வழியாக 8,000 வோல்ட் பொறி, மின்கம்பியில் திடீர் எழுச்சி, இப்படி. டர்பன் ஈரக்காற்றில் விரலில் பொறி வருவது குறைவு, ஜோஹானஸ்பர்க் குளிர்காலத்தில் கம்பளியைத் தொட்டாலே சொடுக்கும். இடியும் அங்கேதான் அதிகம். கௌடெங் பக்கமும் விற்கிற எண்ணம் இருந்தால் ரிப்போர்ட்டில் இந்தப் பக்கங்களையும் படியுங்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் முதல் பக்கத்தையும் உள்படங்களையும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் போக வேண்டாம்.