‘ட்ரோ’ இன்னும் வினைச்சொல்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ‘ட்ரோ’ என்னும் பழைய ஆங்கில வினைச்சொல்லை இன்றைய எழுத்தில் ஆளலாமா, அல்லது அகராதிக்கும் அதே எழுத்துக்கூட்டில் வழங்கும் குடும்பப் பெயருக்கும் அதை விட்டுவிடுவதே முறையா என்பது இந்த மன்றத்தின் கேள்வி. ஆளலாம் என்பது எங்கள் கட்சி.

‘ட்ரோ’ என்றால் நம்பு, கருது என்று பொருள். உண்மையைக் குறிக்கும் ‘ட்ரூ’, நம்பிக்கையைக் குறிக்கும் ‘ட்ரஸ்ட்’, மண உறுதி கொடுப்பதைக் குறிக்கும் ‘பிட்ரோத்’, போர்நிறுத்தத்தைக் குறிக்கும் ‘ட்ரூஸ்’ ஆகியவை எல்லாம் இதற்குப் பங்காளிகள். எனவே இது பொழுதுபோக்காக ஒன்றை நினைப்பதைக் குறிக்கப் பிறந்த சொல் அன்று. ஒருவர் தம் வாக்கைப் பிணையாக வைத்து ஒன்றை நம்புவதைக் குறிக்கப் பிறந்த சொல்.

எதிரணித் தலைவர் தம் வலுவான சான்றாக விவிலியத்தைக் கொண்டுவந்தார். லூக்கா 17-ஆம் அதிகாரம், 9-ஆம் வசனம். இட்ட வேலையைச் செய்ததற்காக ஊழியனுக்கு எசமான் நன்றி சொல்வானோ என்று கேட்டுவிட்டு, ‘ஐ ட்ரோ நாட்’, அதாவது ‘சொல்வான் என்று நான் கருதவில்லை’ என்று 1526-இல் டின்டேல் மொழிபெயர்த்தார். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அதையே வைத்துக்கொண்டது. 1881-இல் வந்த திருத்திய பதிப்பில் அந்தத் தொடர் இல்லை. சொல் செத்துவிட்டது, ஆகவே அறிஞர்கள் அதை அடக்கம் செய்தார்கள் என்று தலைவர் முடித்தார், கைத்தட்டலும் கிடைத்தது. ஆனால் அந்தத் தொடர் நீங்கியதற்குக் காரணம் ஆங்கிலத்தில் இல்லை, நடுவர் அவர்களே, கிரேக்கத்தில் இருக்கிறது. அதற்கு மூலமான இரண்டு கிரேக்கச் சொற்கள் வத்திக்கான் படி போன்ற மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் காணப்படவில்லை. மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் வைக்கக்கூடாது என்று திருத்தியோர் விலக்கினார்கள். பழமைதான் குற்றம் என்றால், அதே லூக்காவின் 2-ஆம் அதிகாரம் 49-ஆம் வசனத்தில், ‘அறியீர்களோ’ என்ற பொருளில் நிற்கும் ‘விஸ்ட்’ என்ற சொல்லையும் அவர்கள் தூக்கியிருக்க வேண்டும். ‘ட்ரோ’வுக்குச் சற்றும் இளைக்காத கிழச்சொல் அது. அதை அவர்கள் தொடவே இல்லை.

சரி, யாருக்குப் புரியும் என்று கேட்டார்கள். ‘ஐ திங்க் நாட்’ என்று மறுப்பதை இன்றும் ஆங்கிலத்தில் கேட்கிறோம்; ‘ஐ ஹோப் நாட்’ அன்றாடப் பேச்சு. அந்த அச்சு உடையாமல் இருக்கும்போது, ‘ஐ ட்ரோ நாட்’ என்று எழுதினால், சொல்லை முன்பின் கேட்டறியாத வாசகரும் அதை மறுப்பென்று பிடித்துக்கொள்வார். ஆகவே எங்கள் அணி இந்த வினையை எங்கு வேண்டுமானாலும் தூவச் சொல்லவில்லை. தன்மை இடத்தில், மறுப்பாகவோ உறுதியாகவோ, ஒரு கருத்துக்குத் தானே பொறுப்பேற்கும் வாக்கியத்தில் எழுதலாம் என்கிறது.

அலங்காரத்துக்காக எழுதுவதை நாங்களும் ஒப்பமாட்டோம். 1888-இல் ஆர்ச்சிபால்டு பாலன்டைன் என்பவர், வில்லியம் மாரிசின் ஒடிசி மொழிபெயர்ப்பைக் குறைகூறுகையில், அதை ‘வார்டர் தெரு ஆங்கிலம்’ என்றார். லண்டனின் அந்தத் தெரு, அக்காலத்தில் பழையது போலச் செய்த மரச்சாமான்களுக்குப் பேர்போனதாக இருந்தது. எதிரணி இதை எடுத்துச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஆனால் போலி நாற்காலி விற்றவனுக்காக, பாட்டன் உட்கார்ந்த நாற்காலியையுமா உடைப்பது?

‘ஐ ட்ரோ’ வெறும் அசைச்சொல்லாகத் தேய்ந்ததும் உண்மைதான். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் செவிலித்தாய் பழங்கதையை நீட்டி முழக்கும்போது இடையில் ஓர் ‘ஐ ட்ரோ’ வந்து விழுகிறது. அது வாயோயாத கிழவியின் பேச்சு. அவள் வாயில் அப்படித்தான் வரவேண்டும். லியர் மன்னன் நாடகத்தில் கோமாளி பேசுவதைப் பாருங்கள். காட்டுவதைவிட மிகுதியாக வைத்திரு, அறிந்ததைவிடக் குறைவாகப் பேசு என்று அடுக்கிக்கொண்டே வந்து, ‘லேர்ன் மோர் தன் தௌ ட்ரோவெஸ்ட்’ என்கிறான். காதில் விழுவதெல்லாம் கேட்டுக்கொள், ஆனால் நம்புவதைக் கொஞ்சமாக வைத்துக்கொள் என்பது கருத்து. மகள்களின் சொல்லை அப்படியே நம்பி நாட்டைப் பிரித்துக்கொடுத்த மன்னனிடம் சொல்லப்படும் சொல் இது. அங்கே ‘நினை’ என்ற சாதாரண வினையை வைத்தால் அடி மன்னன்மேல் விழாது. இன்னொரு நன்மையும் உண்டு. ‘ஷோவெஸ்ட்’, ‘நோவெஸ்ட்’, ‘ஓவெஸ்ட்’, ‘கோவெஸ்ட்’ என்ற இயைபு வரிசையில் ‘ட்ரோவெஸ்ட்’ நிற்பதால், உச்சரிப்பு ‘ட்ரௌ’வா ‘ட்ரோ’வா என்று எதிரணியில் ஒருவர் எழுப்பிய ஐயத்தையும் அந்தக் கோமாளியே தீர்த்துவைத்துவிட்டான்.

கடைசியாகக் குடும்பப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க் நகரில் ஜான் ட்ரோ என்ற அச்சகத்தார் நகரவாசிகளின் பெயரும் முகவரியும் அடங்கிய கையேட்டை வெளியிட்டுவந்தார். ‘ட்ரோவின் கையேடு’ என்றே அதற்குப் பெயர். இப்படிப் பெயராகிவிட்ட சொல் வினையாக எப்படி நிற்கும் என்றார்கள். ஹன்ட், கிரான்ட், சேஸ் ஆகியவையும் குடும்பப் பெயர்கள்தாமே. அதற்காக ஆங்கிலேயர் வேட்டையாடுவதையும் வழங்குவதையும் துரத்துவதையும் நிறுத்திக்கொண்டார்களா? போகட்டும், அந்தக் குடும்பப் பெயர் இந்த வினையிலிருந்துதான் வந்தது என்று யார் சொன்னது? பழைய ஆங்கிலத்தில் நம்பிக்கைக்கும் மரத்துக்கும் ஒரே எழுத்துக்கூட்டில் பெயர்ச்சொல் இருந்தது. எழுத்து ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது.

வாக்கியத்தின் தலையில் வந்தால் பெரிய எழுத்தால் குழப்பம் வரும் என்ற ஒரு தடை மட்டும் மிச்சம். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் மரமெங்கும் கவிதை தொங்குகிறது. அதைப் பார்த்த சீலியா ரோசலிண்டிடம், ‘ட்ரோ யூ ஹூ ஹாத் டன் திஸ்?’ என்று கேட்கிறாள். இதைச் செய்தவர் யாரென்று உனக்குத் தோன்றுகிறது என்பது கேள்வி. தலையில் பெரிய எழுத்துடன்தான் ‘ட்ரோ’ நிற்கிறது. ரோசலிண்ட், யார் அந்த ட்ரோ என்று கேட்கவில்லை, ‘ஆண்மகனா?’ என்று கேட்கிறாள்.