பாதியில் ஓடிவிடுகிற வாசகரை என்ன செய்வது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளம், சுருக்கி வாசிக்கிறேன். "வணக்கம் அண்ணா, ஊர் ஊராகப் போய் வந்து பதிவு எழுதுகிறேன். தகவல் எல்லாம் தேடித் தேடித்தான் போடுகிறேன். ஆனாலும் யாரும் கடைசி வரை படிப்பதில்லை, படித்தவர்களுக்கும் அப்புறம் ஞாபகம் இருப்பதில்லை. மனதில் நிற்கிற மாதிரி எழுத என்ன செய்யணும்? தஞ்சாவூர் பெரிய கோயில் பற்றி எழுதினதை அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்."

படித்தேன் தம்பி. மொழி நன்றாகவே இருக்கிறது, பிழையும் அதிகம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் பத்தி தமிழகத்தின் பெருமை, இரண்டாவது பத்தி சோழர்களின் பெருமை, மூன்றாவது பத்தி பேருந்து நிலையத்தில் இருந்து எப்படிப் போவது. கோயிலுக்குள் காலை வைப்பதே நாலாவது பத்தியில்தான். போனில் படிக்கிறவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வருகிறார், அவர் அவ்வளவு நேரம் வாசலில் நிற்க மாட்டார். அப்புறம் உள்ளே போனதும் என்ன தருகிறீர்கள்? ராஜராஜன் கட்டினது, 1010-இல் முடிந்தது, 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தப்பில்லை, ஆனால் இதற்கு நீங்கள் எதற்கு? பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலே சொல்லிவிடும்.

இன்னொன்று, இது கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். கோபுர நிழல் தரையில் விழாது என்று எழுதியிருக்கிறீர்கள். விழும் தம்பி, சாயங்காலம் பிரகாரத்தில் நின்று கீழே பார்த்தால் நன்றாகவே தெரியும், நீங்களே அங்கே போய் வந்தவர்தானே! உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான், பல கல்லைச் சேர்த்து அமைத்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்லி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. விவரம் தெரிந்தவர் இந்த மாதிரி ஒரு வரியைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போய்விடுவார், அப்புறம் நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்.

இப்போது நல்ல சேதி. ஆறாவது பத்தியில் ஒரே ஒரு வரி வருகிறது: "கோயில் முழுவதும் கல்வெட்டுகள் காணப்படுகின்றன." அதைச் சொல்லிவிட்டுப் பிரசாதக் கடைக்குப் போய்விட்டீர்கள். உங்கள் பதிவே அந்த ஒரு வரிக்குள்தான் இருந்தது.

அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? கோயிலுக்கு ஆட வந்த 400 பெண்களின் பட்டியல் இருக்கிறது. 'நடன மாதர் 400 பேர்' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை, ஒவ்வொருவராக வருகிறது. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, அதாவது எந்தப் பக்கத்து வரிசை, அதில் தலைவீடா, இரண்டாம் வீடா, மூன்றாம் வீடா, அந்தப் பெண் திருவாரூரில் இருந்து வந்தவளா திருவையாற்றில் இருந்து வந்தவளா, அவள் பெயர் என்ன, எல்லாமே கல்லில். ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல், கலம் என்பது அந்தக் காலத்து அளவு. அதோடு நிற்கவில்லை. கணக்கு எழுதுகிறவர், விளக்கு ஏற்றுகிறவர், நீர் தெளிக்கிறவர், குடை பிடிக்கிறவர், துணி வெளுக்கிறவர், தைக்கிறவர், நாவிதர் என்று அந்தப் பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. இவர்களில் யாராவது இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ அடுத்த உரிமைக்காரர் அந்தப் பங்கை எடுத்துக்கொண்டு வேலையைச் செய்யலாம், அவருக்கு அந்த வேலை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை வைத்துச் செய்விக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அரசு அலுவலகத்தில் கருணை அடிப்படையில் வேலை கேட்டு அலைகிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது.

இதை ஒருத்தரிடம் சொல்லிப் பாருங்கள், கேட்டவர் ராத்திரி வீட்டில் போய் இன்னொருத்தரிடம் சொல்வார். 1010-ஐ யாரும் வீட்டில் போய்ச் சொல்ல மாட்டார்கள். எழுத உட்காருவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஊரில் இருந்து திரும்பியதும் நண்பருக்குப் போன் போட்டு, 'டேய், அங்கே ஒன்று பார்த்தேன்டா' என்று எதைச் சொன்னீர்களோ அதுதான் பதிவு. அதை முதல் வரியில் வையுங்கள். "தஞ்சாவூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தென் வரிசை இரண்டாம் வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று இன்றைக்கும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்" என்று ஆரம்பித்தால் யார் போவார்? அதற்குப் பிறகு ராஜராஜனைக் கொண்டுவாருங்கள், ஆண்டைக் கொண்டுவாருங்கள், அப்போது அது தேவைப்படுகிறது, வாசகரே 'எந்த வருஷம் இது?' என்று கேட்கிற இடத்தில் வருகிறது. 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்' என்று ராஜராஜனே சொல்கிற கல்வெட்டு விமானத்திலேயே, அதாவது கருவறைக் கோபுரத்திலேயே இருக்கிறது. தான் கொடுத்ததோடு அக்கா குந்தவை கொடுத்ததையும், தன் மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்ன ராஜா. இவரைப் பற்றி 'மாமன்னன், மாவீரன்' என்று நாலு அடைமொழி போடுவதைவிட அந்த ஒரு வரியைப் போட்டால் ஆள் கண்முன்னால் வந்து நிற்பார்.

மிச்சத்தை என்ன செய்வது என்றால், வெட்டுங்கள். பேருந்து வழி, நடை திறக்கும் நேரம் எல்லாம் கடைசியில் இரண்டு வரியில் போதும், தேவைப்படுகிறவர் தேடிக்கொள்வார். நந்தி, ஓவியம், அகழி எல்லாவற்றையும் விட்டுவிட மனசு வராது, தெரியும். அவை தனித்தனிப் பதிவுகள். நீளம் எவ்வளவு இருக்கணும் என்று நிறைய பேர் கேட்கிறார்கள், அதற்கு என்னிடம் கணக்கு கிடையாது, சொல்ல விஷயம் இருக்கிற வரைக்கும் எழுதுங்கள். படம் போடும்போது கோபுரத்தைப் போடாதீர்கள், எல்லாரும் பார்த்தது. அந்த எழுத்து வரியைக் கிட்டப் போய் எடுத்துப் போடுங்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரியவில்லை என்றால் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற நூல் வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சாகி இருக்கிறது, அதை வைத்துச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

தலைப்பும் கேட்டிருந்தீர்கள், மறந்துவிட்டேன். 'தஞ்சைப் பெரிய கோயில் – ஒரு பார்வை' வேண்டாம். எழுதி முடித்த பிறகு, உள்ளே இருக்கிறதில் இருந்தே எடுங்கள். 'தென் வரிசை, இரண்டாம் வீடு' என்று வைத்தால்கூட எனக்குச் சம்மதம். திருத்தி எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், இந்தத் தடவை பிரசாதக் கடை இல்லாமல்.