மூன்று டிவி, ஒரே ஹால்: மதியம் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்த்தது

வணக்கம் மக்களே. இப்போது மதியம் 2 மணி. எனக்குப் பின்னால் தெரிவது எங்கள் வீட்டு ஹால். தெருக்கதவு திறந்திருக்கிறது, மேற்கு ஜன்னலில் திரை போடவில்லை. டிவி ஒப்பீடு என்றால் பெரும்பாலும் இருட்டறையில் வைத்துத்தான் படம் பிடிக்கிறார்கள். நம் வீடுகளில் பாதிநாள் டிவி ஓடுவது இந்த வெளிச்சத்தில். அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன், மிச்சத்தை இரவில் பார்க்கலாம்.

இடது ஓரத்தில் இருப்பது 42 அங்குல பிளாஸ்மா. 2011 உலகக் கோப்பைக்காக அப்பா வாங்கியது. வான்கடேயில் நடந்த இறுதிப் போட்டியை எங்கள் தெருவில் பாதிப் பேர் இதில்தான் பார்த்தார்கள். நடுவில் 43 அங்குல 4கே எல்இடி. வலப்பக்கம் 55 அங்குல ஓஎல்இடி, அண்ணன் வீட்டிலிருந்து ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் எல்இடி டிவி என்று விற்பது எல்சிடி டிவிதான். பின்னால் இருக்கும் விளக்கு எல்இடி, அவ்வளவுதான். கியூஎல்இடி என்பதும் எல்சிடியே. அந்த விளக்குக்கு முன்னால் குவாண்டம் டாட் என்கிற மிக நுண்ணிய துகள்கள் கொண்ட ஒரு தாளைச் சேர்த்திருப்பார்கள், நிறம் இன்னும் தெளிவாக வரும். 2023-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததே, அந்தத் துகளுக்குத்தான். நல்ல தொழில்நுட்பம். ஆனால் ஓஎல்இடிக்கும் அதற்கும் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு சாதி.

எப்படி வேறு? பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி ட்யூப் லைட். உள்ளே வாயு, சுற்றிலும் ஒளிரும் பாஸ்பர் பூச்சு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் கரிமப் பொருள், மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும், நிறுத்தினால் அணைந்துவிடும். எல்சிடியில் விளக்கு பின்னால் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடும். அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது, இடுக்கில் கொஞ்சம் ஒளி கசியும். எல்சிடியின் எல்லாக் குறையும் இந்த இடுக்கிலிருந்துதான் வருகிறது என்று சொல்வேன்.

சரி, இப்போது மூன்றிலும் ஒரே கிரிக்கெட் ஆட்டம். பாருங்கள், பிளாஸ்மாவில் என் சட்டையும் கதவும்தான் தெரிகிறது, மட்டையாளரைத் தேட வேண்டியிருக்கிறது. ஓஎல்இடி பரவாயில்லை. ஆனால் திரை முழுவதும் வெளிச்சமான காட்சி வந்தால் அது தன் பிரகாசத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நடுவில் இருக்கும் சாதாரண எல்இடி? இந்த வெயிலிலும் பந்து தெளிவாகத் தெரிகிறது. மூன்றில் விலை குறைந்தது அதுதான். இந்த நேரத்துக்கு என் ஓட்டு அதற்கே.

ஒரு நிமிடம், ஓரமாகப் போய் நிற்கிறேன். பாட்டியின் நாற்காலி இருக்கும் இடம் இது. இங்கிருந்து எல்இடியைப் பாருங்கள், முகங்கள் சாம்பல் பூசியது போல வெளிறிவிட்டன. இதில் இருப்பது விஏ வகை பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு. நேராகப் பார்த்தால் கறுப்பு நன்றாக வரும், மாறுபாடு, அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி வித்தியாசம், 3000-க்கு 1 அல்லது அதற்கு மேலும் கிடைக்கும். பக்கவாட்டில் போனால் நிறம் போய்விடும். எல்சிடியிலேயே இன்னொரு வகையான ஐபிஎஸ் பேனலில் ஓரத்திலிருந்தும் நிறம் நிற்கும், ஆனால் மாறுபாடு சுமார் 1000-க்கு 1தான். பெட்டியில் பெரும்பாலும் எது என்று போட மாட்டார்கள். கடையில் ஒரு இருட்டுக் காட்சியைப் போடச் சொல்லி, டிவியின் பக்கத்துச் சுவர் வரை நடந்து போய்ப் பாருங்கள். கட்டில், பாய், ஊஞ்சல் என்று ஆளுக்கொரு மூலையில் உட்காரும் வீடென்றால் ஐபிஎஸ் போதும். ஓஎல்இடி இந்த விஷயத்தில் இரண்டையும் விட மேல், எங்கே நின்றாலும் நிறம் மாறவில்லை.

இப்போது இரவு 9 மணி. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டேன். மூன்றிலும் ஒரே காட்சி, கறுப்பு வானம், நடுவில் ஒரு நிலா. எல்இடியைப் பாருங்கள், வானம் கருநீலச் சாம்பல். டிவியின் நான்கு ஓரமும் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. பிளாஸ்மா அதைவிட ஆழம், பதினைந்து வருடத்துக்குப் பிறகும். அப்புறம் ஓஎல்இடி. டிவி எங்கே? சுவர் எங்கே? எதுவும் தெரியவில்லை. நிலா மட்டும் அறையில் தொங்குகிறது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு அம்மா எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு டிவிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு காட்சியைத்தான்.

இடையில் மினி எல்இடி என்று ஒன்று வருகிறது. எல்சிடிதான், ஆனால் பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைப்பார்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். 1000 பகுதி இருந்தால் 8000 புள்ளிக்கு மேல் ஒரே விளக்கைப் பங்கு போடுகின்றன. அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி ஒரு மங்கலான வெளிச்சம் படரும். பகுதி எத்தனை என்று கேட்காமல் வாங்காதீர்கள். பகலும் வேண்டும், இரவும் வேண்டும் என்கிற ஒற்றை டிவி வீட்டுக்கு இதையே நான் சொல்வேன்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். கேமராவைப் பிளாஸ்மாவின் வலது மேல் மூலைக்குக் கொண்டு வருகிறேன். திரை முழுக்க வெள்ளை போட்டிருக்கிறேன். மங்கலாக ஒரு வட்டம் தெரிகிறதா? அம்மா பல வருடம் பார்த்த ஒரு சானலின் சின்னம் அது. திரையிலேயே பதிந்துவிட்டது, இனி போகாது. ஓஎல்இடிக்கும் இந்த ஆபத்து உண்டு. காலையிலிருந்து இரவு வரை செய்தி சானல் ஓடும் வீட்டில், கீழே ஓடும் பட்டையும் மூலையில் நிற்கும் சின்னமும் ஒரே இடத்துப் புள்ளிகளைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ரிமோட்டில் அணைத்தவுடன் சுவர் சுவிட்சையும் சேர்த்து அணைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஓஎல்இடி டிவி, சில மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் தன் புள்ளிகளைச் சரிபார்த்துத் தேய்மானத்தை ஈடுகட்டும். மின்சாரத்தைத் துண்டித்தால் அந்த வேலை நடக்காது. இடி மின்னல் நேரம் மட்டும் விதிவிலக்கு, அப்போது பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.

எல்இடியிலும் தேய்வது உண்டு, அது பின்விளக்கு. எங்களுடைய முந்தைய 40 அங்குல டிவியில் ஒருநாள் சத்தம் வந்தது, படம் வரவில்லை. சர்வீஸ் ஆள் வந்து, பேனல் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரவில் டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அப்படியென்றால் பேனல் நன்றாக இருக்கிறது, விளக்குதான் போயிருக்கிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் எல்இடி ஸ்டிரிப்பை மாற்றிக் கொடுத்தார், அது இன்னும் மாடியில் ஓடுகிறது. அன்றிலிருந்து எந்த எல்இடியிலும் பின்விளக்கை 100-இல் வைப்பதில்லை, 60 போதும். ஷோரூமில் விவிட் மோடில் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்ததும் சினிமா மோடுக்கு மாற்றுங்கள். விளக்கும் நீடிக்கும், முகங்களும் மனித நிறத்துக்கு வரும்.

4கேயா, அதில் கால்வாசிப் புள்ளிகளே உள்ள ஃபுல் எச்டியா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அதற்கு முன் உங்கள் சானல் என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். சாதாரண எஸ்டி சானல் அனுப்புவது அதிகபட்சம் சுமார் 4 லட்சம் புள்ளிகள். மீதி 79 லட்சத்தையும் 4கே டிவி தானே ஊகித்து நிரப்புகிறது. பெரிய திரையில் அது பிசுபிசுவென்று தெரிவதற்குக் காரணம் இதுதான். எச்டி பேக் எடுக்காமல் 55 அங்குலம் வாங்கினால் அந்தக் காசு வீண். சத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, மெல்லிய டிவி எதிலும் ஸ்பீக்கருக்கு இடமில்லை, சவுண்ட்பாருக்குத் தனியாக ஒதுக்குங்கள்.

பிளாஸ்மாவை நான் விற்கப் போவதில்லை. பானசோனிக், சாம்சங், எல்ஜி என எல்லோரும் 2014 முடிவதற்குள் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், மின்சாரத்தையும் தாராளமாகக் குடிக்கிறது. ஆனாலும் பழைய படங்களை இரவில் அப்பா அதில்தான் பார்க்கிறார்.

கமெண்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: உங்கள் ஹாலில் வெயில் எந்த நேரம் விழுகிறது, டிவி எந்த நேரம் ஓடுகிறது, அதில் என்ன ஓடுகிறது. பட்ஜெட்டை அதற்கப்புறம் பேசுவோம். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.