முதலில் ஈரத்தைக் கேளுங்கள்

அவையோருக்கு வணக்கம்.

குப்பையிலிருந்து மின்சாரம் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை மெகாவாட்?" என்றுதான். "எவ்வளவு ஈரம்?" என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

1987-ல் டெல்லி திமார்பூரில் ஓர் ஆலை கட்டினார்கள். நாளொன்றுக்கு 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுப்பது திட்டம். சில வாரங்களிலேயே நின்றுபோனது. வந்த குப்பையின் வெப்ப மதிப்பு, அதாவது ஒரு கிலோவை எரித்தால் கிடைக்கும் வெப்பம், வடிவமைப்பில் எழுதியதில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

கணக்கு எளிது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். குப்பையில் பாதி ஈரம் என்றால், கிலோவுக்கு 1.2 மெகாஜூல் உலர்த்தவே போய்விடும். குப்பையின் வெப்ப மதிப்பு ஆண்டுச் சராசரியாகக் கிலோவுக்கு 7 மெகாஜூலாவது வேண்டும், எந்தப் பருவத்திலும் 6-க்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது உலக வங்கியின் வழிகாட்டி. மழைக்காலக் குப்பையைச் சோதிக்காத ஆய்வறிக்கையை நம்பி ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

சரி, ஈரக் குப்பைதான் வருகிறது, என்ன செய்வது? வீட்டிலேயே உணவுக் கழிவைப் பிரித்து வாங்குவதுதான் நல்ல வழி. அது கைகூடும்வரை, ஆலையின் உயிர் பங்கர் எனும் குப்பைக் குழியில் இருக்கிறது. சீன ஆலைகளில் குப்பையை ஐந்தாறு நாள் அதிலேயே கிடக்க விடுகிறார்கள். கசிவுநீர் அடியில் வடிந்து, மிச்சம் எரியத் தகுதியாகிறது. அதற்குத் தரையில் சரிவு வேண்டும், அடைத்துக்கொள்ளாத வடிகால் வேண்டும், கசிவுநீரைச் சுத்திகரிக்கத் தனி நிலையமே வேண்டும். மேலே கிரேன் ஓட்டுபவர் நாள் முழுக்கக் குப்பையை அள்ளி, தூக்கி, வேறிடத்தில் உதறிக் கலக்கிக்கொண்டே இருப்பார். நேற்றைய ஈரக் குவியலும் இன்றைய காய்ந்த குவியலும் தனித்தனியாக உலைக்குள் போனால் நெருப்பு ஏறி இறங்கும். உலைக்கான காற்றையும் இந்தக் குழியிலிருந்தே உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் நாற்றம் ஊருக்குள் போகாது.

நெருப்பு ஏறி இறங்குவது சின்ன விஷயமில்லை. எரியும்போது எழும் புகை குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் 2 விநாடி நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. வெப்பம் இறங்கினால் டையாக்ஸின் எனும் நச்சுப்பொருள் முழுதாக அழியாது. அதைத் தவிர்க்கத் துணை பர்னரில் எண்ணெயோ எரிவாயுவோ எரித்தால், குப்பை மின்சாரம் என்பது எண்ணெய் மின்சாரமாகிவிடும். புகைவடிகட்டிக்கு ஒதுக்கும் பணத்தை வெட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும், ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை முதலில் பார்த்துவிட்டு வரட்டும்.

சாம்பலையும் மறக்க வேண்டாம். நூறு டன் எரித்தால் இருபது, இருபத்தைந்து டன் அடிச்சாம்பல் வரும். வடிகட்டியில் பிடிபடும் பறக்கும் சாம்பல் அளவில் குறைவு, நச்சில் அதிகம். குப்பைமேடு முற்றிலும் ஒழிந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அளவு. நகரம் வளர்கிறது, அதனால் பெரிதாகக் கட்டுவோம் என்பார்கள். வளரும் நகரம் பிரிக்கவும் மறுசுழற்சி செய்யவும் பழகும். கோபன்ஹேகனில் 2017-ல் திறந்த அமாகர் பக்கே ஆலையைப் பாருங்கள்: கூரையில் பனிச்சறுக்குப் பாதை, உள்ளே அருமையான தொழில்நுட்பம். ஆனால் கொள்ளளவை நிரப்ப வெளிநாட்டுக் குப்பையை இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. எனவே இன்றைய தேவைக்கு இரண்டு சிறிய உலைகள் வையுங்கள், மூன்றாவதுக்கு இடம் மட்டும் விடுங்கள். ஒன்று பராமரிப்பில் நின்றாலும் மற்றது ஓடும். ஒப்பந்தத்தில் "இத்தனை டன் தராவிட்டால் மாநகராட்சி அபராதம் கட்டும்" என்ற வரி இருந்தால், கையெழுத்துக்கு முன் அதை அடித்துவிடுங்கள். முடியாவிட்டால், ஐந்தாண்டுக்கொரு முறை அந்த அளவைக் குறைத்துக்கொள்ளும் உரிமையையாவது எழுதி வாங்குங்கள்.