மெக்ஹேலின் படகில் ஒரு ஜப்பானியச் சமையல்காரர்

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிய இந்தக் கூட்டங்களில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘மெக்ஹேல்ஸ் நேவி’. அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சியில் 1962 முதல் 1966 வரை ஓடிய கறுப்பு வெள்ளைத் தொடர். அரை மணி நேர அத்தியாயங்கள் 138. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேலதிகாரியை ஏமாற்றும் கூத்துகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அதில் வரும் சமையல்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவரிடம் போவதற்கு முன்னால் படகைப் பார்த்துவிடலாம்.

கதை இரண்டாம் உலகப் போரில் நடக்கிறது. தென் பசிபிக்கில் தாராடுபா என்றொரு கற்பனைத் தீவு, அதில் அமெரிக்கக் கடற்படைத் தளம். எதிரே இருக்கும் சின்னத் தீவில் லெப்டினன்ட் கமாண்டர் மெக்ஹேலும் அவருடைய ஆட்களும் குடியிருக்கிறார்கள். பூப்போட்ட சட்டை, சூதாட்டம், திருட்டுச் சாராயம் என்று அவர்கள் பொழுது போகும். ஆனால் சண்டை என்று வந்தால் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர்களுடைய படகு பிடி-73. பிடி என்றால் ‘பட்ரோல் டார்பிடோ’, ரோந்து போய் டார்பிடோ வீசும் படகு. பிடி படகு என்பது மரத்தால் கட்டியது. பெரும்பாலானவை சுமார் 80 அடி நீளம். மூன்று பெட்ரோல் எஞ்சின், டார்பிடோ குண்டுகள், ஏறக்குறைய ஒரு டஜன் ஆட்கள். போர்க்கப்பலின் குண்டு ஒன்று சரியாக விழுந்தால் மொத்தமும் எரிந்து போகும். இரவில் ஓசைப்படாமல் போய் அடித்துவிட்டு ஓடி வருவதுதான் அதன் வேலை.

தொடர் வந்தபோது அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியே அப்படிப்பட்ட படகை ஓட்டியவர். சாலமன் தீவுகளில் 1943 ஆகஸ்ட் 2 அன்று, விடிவதற்கு முன், ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று கென்னடியின் பிடி-109 படகை இடித்து இரண்டாகப் பிளந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். தீக்காயம் பட்ட ஒருவரின் மிதவைச் சட்டைப் பட்டையைப் பல்லால் கவ்வி இழுத்தபடி மணிக்கணக்காக நீந்தினார் கென்னடி. பிறகு ஒரு தேங்காயில் செய்தியைச் செதுக்கி, தீவுக்காரர்கள் இருவரிடம் கொடுத்தனுப்பினார். உதவி வந்தது. அந்தக் கொட்டாங்கச்சி பிற்பாடு அதிபர் மாளிகையில் அவருடைய மேசைமேலேயே இருந்தது.

முதல் அத்தியாயம் வந்தது 1962 அக்டோபர் 11. பதினொரு நாள் கழித்து அதே கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைச் சொல்லி, கடற்படை அந்த நாட்டை மறிக்கப் போவதாக அறிவித்தார். அந்த வாரங்களில் உலகம் அழிந்துவிடுமோ என்று பயந்த வீடுகளில்தான் இந்தச் சிரிப்பும் கேட்டது. அந்த வீட்டு அப்பாக்களில் எத்தனையோ பேர் பசிபிக்கில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள். அவர்களிடம் போரைப் பொய்யாகக் காட்டினால் எடுபடாது.

மெக்ஹேலாக நடித்த எர்னஸ்ட் போர்க்னைனும் போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர். 1935இல் கடற்படையில் சேர்ந்து 1941இல் வெளியே வந்தார். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் திரும்பப் போய் 1945 வரை இருந்தார். நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்துக்காக மாற்றியமைத்த ஒரு உல்லாசப் படகில் பீரங்கிப் பிரிவில் வேலை. அப்புறம்தான் நடிப்பு, ‘மார்ட்டி’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் எல்லாம். அவர் படகில் நிற்கும் விதத்தைப் பாருங்கள். கையை இடுப்பில் வைத்து, அலைக்கு ஏற்றபடி காலை லேசாக அகட்டி நிற்பார். பத்து வருடப் பழக்கம் அது.

அவருக்கு எதிர்ப்பக்கம் கேப்டன் பிங்ஹாம்டன். நடித்தவர் ஜோ ஃப்ளின். போருக்கு முன் உல்லாசப் படகு கிளப்பில் பெரிய மனிதராக இருந்தவர் பிங்ஹாம்டன். அதைக் கடல் அனுபவம் என்றே நம்புகிறவர். கண்ணாடிக்குப் பின்னால் விழி பிதுங்கும், உதடு துடிக்கும், வார்த்தை வராது. கடைசியில், எனக்குக் கத்த வேண்டும்போல இருக்கிறது என்பார். மெக்ஹேலின் துணை அதிகாரி பார்க்கராக டிம் கான்வே தொட்டதெல்லாம் தவிடுபொடி.

சரி, சமையல்காரர். பெயர் ஃபூஜி. ஜப்பானியப் படையை விட்டு ஓடி வந்தவர். நடித்த யோஷியோ யோடா ஜப்பானில் பிறந்தவர். சட்டப்படி ஃபூஜியைப் போர்க்கைதியாக ஒப்படைக்க வேண்டும். மெக்ஹேலின் ஆட்கள் ஒப்படைப்பதில்லை. கேப்டன் திடுதிப்பென்று வந்து இறங்கினால் சூதாட்டச் சாமான்களை ஒளிப்பதற்கு முன்னால் ஃபூஜியை ஒளிக்கிறார்கள். அவர் சமைக்கிறார், இவர்கள் சாப்பிடுகிறார்கள், சீட்டாட்டத்தில் அவருக்கும் ஒரு கை உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்கிறோமே, அதைத்தான் அந்தக் கொட்டகையில் பார்த்தேன்.

போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை முகாம்களில் அடைத்த நாடு அது. போர் முடிந்து பதினேழு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நாட்டின் வரவேற்பறைகளில் வாராவாரம் ஒரு ஜப்பானிய வீரன், எல்லோரும் காப்பாற்ற நினைக்கும் ஆளாக வந்துபோனான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஃபூஜியின் உச்சரிப்பை வைத்துச் செய்த கேலிகள் இன்று பார்க்கும்போது மனத்தை உறுத்துகின்றன. தீவின் பூர்வகுடித் தலைவராக ஒரு வெள்ளையரே வேடம் கட்டியதும் அப்படித்தான். அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நான்காவது ஆண்டில் கதைக்களத்தைத் தூக்கி இத்தாலிக்கு மாற்றியபோது ஃபூஜியை அவர்கள் விட்டுவிட்டுப் போகவில்லை. கூடவே அழைத்துப் போனார்கள்.

போர்க்னைனைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. தொடரில் அவர் லெப்டினன்ட் கமாண்டர். நிஜத்தில் 1945இல் வெளியே வந்தபோது பீரங்கிப் பிரிவில் முதல்நிலை பெட்டி ஆபீசர், அதாவது அதிகாரிகளுக்குக் கீழே உள்ள பதவி. 2004இல், அவருக்கு 87 வயதாகியிருந்தபோது, அமெரிக்கக் கடற்படை அவருக்குக் கௌரவப் பதவி ஒன்றைக் கொடுத்தது: சீஃப் பெட்டி ஆபீசர். அவர் விட்டு வந்த இடத்துக்குச் சரியாக ஒரு படி மேலே.